அந்த வெள்ளைக் கோடு மியூவான்தானா?

முகிலறை என்பது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் போன வழியைக் கோடாகக் காட்டும் பெட்டி. அதன் காணொளிகளுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. கருப்புத் தட்டின் மேல் வெள்ளைக் கோடுகள் தோன்றி மறையும். பக்கத்தில் அம்புக்குறி போட்டு "இது மியூவான்", "இது பாசிட்ரான்", "இங்கே மியூவான் சிதைகிறது" என்று எழுதியிருப்பார்கள். (மியூவான் எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் நிறை மிகுந்த துகள், வளிமண்டலத்தின் உயரத்தில் பிறந்து வருவது. பாசிட்ரான் நேர்மின்னூட்டமுள்ள எலக்ட்ரான்.) அந்த அம்புக்குறிகளில் பலவற்றுக்கு ஆதாரம் கிடையாது. ஒரு தடத்தைப் பார்த்து எதைத் துணிந்து சொல்லலாம், எதைச் சொல்ல வழியே இல்லை என்பதைத்தான் இங்கே பேசப் போகிறேன். மின்காந்தவியல், குவாண்டம் இயற்பியல், துகள் இயற்பியல் மூன்றின் அடிப்படைகளும் இந்த ஒரே பெட்டிக்குள் வந்துவிடுகின்றன. பெட்டியைக் கட்டும் விதமும் அது எங்கெங்கே காலை வாரும் என்பதும் இதிலேயே உண்டு.

மின்னூட்டமுள்ள துகள் காற்றில் பாயும்போது எந்த அணுவையும் முட்டித் தள்ள வேண்டிய அவசியம் இல்லை. அதன் மின்புலம் பக்கத்து அணுக்களின் எலக்ட்ரான்களை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது, அவ்வளவுதான். சில எலக்ட்ரான்கள் கழன்று வந்துவிடும். காற்றில் ஓர் அயனி ஜோடி (கழன்ற எலக்ட்ரானும் அதை இழந்த அணுவும்) உண்டாகச் சராசரியாக 34 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் சிறு அலகு) செலவாகிறது. துகள் போன வழியெல்லாம் அயனிகள் மிஞ்சும். அவை கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் மேல் ஆவி படிந்து துளியானால் தெரியும்.

சிறு துளி வளர்வது எளிதல்ல. மேற்பரப்பின் வளைவு கூடக்கூட துளியிலிருந்து ஆவியாகும் வேகமும் கூடும். அதனால் பிறந்த துளி உடனே காய்ந்துவிடும். துளிக்குள் ஒரு மின்னூட்டம் இருந்தால் அது இந்தப் போக்கை எதிர்த்து நின்று துளியைப் பிழைக்க வைக்கிறது. தூசி இல்லாத காற்றில் நீராவி தெவிட்டு நிலையை (அந்த வெப்பத்தில் இயல்பாக இருக்கக்கூடிய அதிகபட்ச ஆவி) போலச் சுமார் 4 மடங்கு செறிந்தால் அயனிகளின் மேல் படியத் தொடங்கும். சுமார் 8 மடங்கானால் அயனியே இல்லாமலும் மூட்டமாகிவிடும். முகிலறை வேலை செய்வது இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில்தான். 1894இல் பென் நெவிஸ் மலையுச்சியில் மேகங்களைப் பார்த்துவிட்டு அவற்றை ஆய்வகத்தில் உண்டாக்கப் புறப்பட்ட சி.டி.ஆர். வில்சன், 1911இல் துகள்களின் தடங்களையே படம் பிடித்தார். 1927இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய கருவியில் காற்றைத் திடீரென விரியவிட்டுக் குளிர்விப்பார்கள். அதனால் தடம் ஒரு கணம்தான் கிடைக்கும். 1930களில் லாங்ஸ்டார்ஃப் உருவாக்கிய விரவல் முறையில் மேலே சூடு, கீழே குளிர். ஆவி தானாகவே கீழே இறங்கி இடைவிடாமல் செறிவடைகிறது. வீட்டில் கட்டக்கூடியது இதுதான்.

கட்டுவது

கண்ணாடி மீன்தொட்டி ஒன்று வேண்டும்: 20 × 30 செ.மீ. அடிப்பரப்பு, 15 செ.மீ. உயரம். அக்ரிலிக் தொட்டி வேண்டாம், ஆல்கஹால் பட்டுப் பட்டு நுண்விரிசல் விழும். தொட்டியைக் கவிழ்த்துத்தான் வைக்கப் போகிறோம். எனவே அதன் அடிப்பாகம் மேலே வரும். அங்கே உள்பக்கம் 3 செ.மீ. அகலத்தில் கம்பளிப் பட்டை (ஃபெல்ட்) ஓட வேண்டும். பசை போட்டு ஒட்டாதீர்கள். பசை ஆல்கஹாலில் கரைந்து பட்டை விழுந்துவிடும், கரைந்த பசை ஆவியோடு கலக்கவும் செய்யும். கண்ணாடிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகச் சிறு காந்தங்களை வைத்துப் பிடிக்கச் செய்தால் போதும்.

அடித்தட்டு 3 மி.மீ. அலுமினியம். மேல்பக்கம் மட்டான கருப்பு. வண்ணம் பூசினால் மெல்லியதாகப் பூசுங்கள், தடித்த பூச்சு வெப்பத்தைத் தடுக்கும். தட்டின் கீழே ஃபோம் பெட்டியில் உலர்பனிக்கட்டி (உறைந்த கரியமில வாயு): மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். இந்த அளவுத் தட்டுக்கு 2 முதல் 3 கிலோ இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். உருண்டைகளாகக் கிடைப்பதைவிடப் பலகையாகக் கிடைப்பது மேல். தட்டோடு தொடும் பரப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஆல்கஹால் 99 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரோப்பைல். கிருமிநாசினியாக விற்கும் 70 சதவீதம் இதற்கு ஆகாது. மீதி 30 சதவீதத் தண்ணீர் தட்டில் உறைபனியாகப் பூத்துவிடும். 40 மி.லி. அளவு எடுத்துக் கம்பளிப் பட்டை சொட்டாத அளவுக்கு நனையுங்கள். தட்டின் மேலும் ஒரு மெல்லிய படலமாக ஊற்றிவிடுங்கள். பிறகு தொட்டியைக் கவிழ்த்து விளிம்பைச் சுற்றிக் களிமண் போன்ற மாவாலோ ரப்பர் பட்டையாலோ அடைக்க வேண்டும்.

விளக்கு பக்கவாட்டில், தட்டுக்கு 1 செ.மீ. மேலே, தட்டுக்கு இணையாக ஒளி பாயும்படி. பளிச்சென்ற எல்.இ.டி. டார்ச் போதும். எங்கிருந்து பார்ப்பது என்பதும் முக்கியம். துளிகள் ஒளியைப் பின்னோக்கிச் சிதறடிப்பதைவிட முன்னோக்கிச் சிதறடிப்பதே அதிகம். எனவே விளக்குக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, ஒளி நேரே கண்ணில் படாமல் கொஞ்சம் மேலிருந்து சாய்வாகப் பாருங்கள். விளக்கின் பக்கமே நின்று பார்க்கிறவர்களுக்குத் தடம் பாதிகூடத் தெரியாது.

ஆபத்துகளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் தீப்பற்று நிலை 12 டிகிரி. அறை வெப்பத்தில் தெவிட்டிய அதன் ஆவி காற்றில் 4 சதவீதம் வரை வரும். எரியக்கூடிய எல்லை 2 முதல் 12 சதவீதம். அதாவது தொட்டியின் மேல்பாதியில் இருப்பது தீப்பிடிக்கும் கலவை. சுடர், பொறி எதுவும் அருகில் கூடாது. ஒரு கிலோ உலர்பனிக்கட்டி கரியமில வாயுவாக மாறினால் 500 லிட்டருக்கு மேல் வரும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் அதை அடைத்து வைக்கவே கூடாது, வெடிக்கும். கையுறை இல்லாமல் தொடவும் கூடாது.

உலர்பனிக்கட்டி கிடைக்காதவர்கள் பெல்டியர் தகடுகளுக்கு (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடுகள்) போவார்கள். டிஇசி1-12706 என்ற 40 மி.மீ. சதுரத் தகடு இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டுக்கும் 12 வோல்ட் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. மேல் தகடு தான் உறிஞ்சிய வெப்பத்தோடு தான் தின்ற மின்சாரத்தையும் சேர்த்துக் கீழ் தகட்டின் தலையில் கட்டுகிறது. கீழ் தகட்டால் அத்தனையையும் கடத்த முடியாமல், ஒற்றைத் தகட்டைவிட மோசமான குளிர்தான் கிடைக்கும். மேலே 5 வோல்ட், கீழே 12 வோல்ட் கொடுங்கள். அடியில் நீர்க்குளிர்வி அல்லது கணினிச் செயலிக்கான பெரிய விசிறி. மேற்பரப்பு மைனஸ் 30 டிகிரியைத் தொட்டால்தான் நம்பிக்கையோடு தடம் பார்க்கலாம். 40 மி.மீ. பரப்பில் தெரிவது குறைவுதான், ஆனால் நாள் முழுக்க ஓடும்.

ஏன் ஒன்றும் தெரியவில்லை

மூடிய 10 நிமிடத்தில் தட்டுக்கு அருகே நுண்தூறல் விழத் தொடங்க வேண்டும். முதலில் விழுவது தூசியின் மேல் படிந்த துளிகள். தூசி எல்லாம் இறங்கித் தீர்ந்த பிறகுதான் தடங்கள் தெளியும். அதற்கு முன்பே திறந்து பார்த்தால் புதுத் தூசி நுழையும், மறுபடி முதலிலிருந்து.

தூறலே இல்லையென்றால் குளிர் போதவில்லை. தட்டுக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும், அல்லது உறைபனி படிந்திருக்கும். தட்டின் அடியில் ஒரு கரண்டி ஆல்கஹால் ஊற்றினால் அந்த இடைவெளி நிரம்பிவிடும். தூறல் உண்டு, தடம் இல்லை என்றால் பெரும்பாலும் காற்றுக் கசிவு. உள்ளே மூட்டம் ஒரு பக்கமாக நகர்வதைப் பார்த்தே கசியும் மூலையைக் கண்டுபிடித்துவிடலாம். தடங்கள் தட்டை ஒட்டி 2, 3 மில்லிமீட்டரில் மட்டும் வந்தால் மேலே சூடு போதவில்லை. தொட்டியின் மேல் 40 டிகிரி வெந்நீர்ப் பாத்திரம் வையுங்கள். ஆவி வரத்து கூடி, தடம் விழும் அடுக்கு 1 செ.மீ. வரை தடிக்கும். பாத்திரம் அதற்கு மேல் சூடானால் ஆவி பொழிந்து எல்லாமே வெண்மூட்டமாகிவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது கால் மணி நேரத்தில் மங்கினால் காரணம் வேறு. பழைய அயனிகள் உள்ளேயே தங்கி ஆவியைத் தின்றுகொண்டிருக்கின்றன. மேலே ஒரு கம்பிவலை, கீழே தட்டு, நடுவே சில நூறு வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் கொடுத்து அவற்றைத் துடைத்தெடுப்பது ஆய்வக வழக்கம். ஆனால் எரியக்கூடிய ஆவிக்குள் உயர் மின்னழுத்தம் என்பதால் அனுபவம் இல்லாதவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தொட்டியின் மேல்கண்ணாடியை வெளிப்பக்கம் உலர்ந்த கம்பளித் துணியால் தேய்த்தால் வரும் நிலைமின்சாரமே ஓரளவு துடைக்கும்.

தடத்தின் தடிமன்

இனி படிக்கும் வேலை. ஒரு தடத்திலிருந்து நேரடியாகக் கிடைப்பது ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அயனிகள் என்பது. மின்னூட்டத் துகள் பொருளுக்குள் எவ்வளவு ஆற்றலை இழக்கும் என்று சொல்லும் பெத்தேயின் சூத்திரத்தின் சாரம்: ஆற்றல் இழப்பு, மின்னூட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், வேகத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம். மெதுவாகப் போகும் துகள் ஒவ்வோர் அணுவின் அருகிலும் அதிக நேரம் இருக்கிறது, அதனால் அதிகமாக இழுக்கிறது. சூத்திரத்தில் துகளின் நிறை கிட்டத்தட்ட வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முழுப் பிரச்சினையின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

ஒளியின் வேகத்தை நெருங்கும் எந்த ஒற்றை மின்னூட்டத் துகளும் காற்றில் ஒரு செ.மீ.க்குச் சுமார் 2.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இழக்கும். 34ஆல் வகுத்தால் ஏறக்குறைய 65 அயனி ஜோடிகள். மெல்லிய, மணி கோத்தது போன்ற கோடு. 5.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா துகளோ (கனமான அணுக்கரு சிதையும்போது வெளியேறும் ஹீலியம் அணுக்கரு) ஒளியின் வேகத்தில் 5.4 சதவீதத்தில்தான் போகிறது. மின்னூட்டமும் இரண்டு. அது 4 செ.மீ. தூரத்துக்குள் மொத்த ஆற்றலையும் கொட்டித் தீர்க்கிறது: 1,60,000 அயனி ஜோடிகள், செ.மீ.க்கு 40,000. மெல்லிய கோட்டைவிட 600 மடங்கு. கொழுத்த, குட்டையான, நேரான வெள்ளைத் தடம் என்றால் ஆல்ஃபா என்று தயங்காமல் எழுதலாம்.

வளைந்து நெளிந்து, முனையில் சுருண்டு போகும் மெல்லிய தடம் மெதுவான எலக்ட்ரான். 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் காற்றில் மொத்தமாக 12 செ.மீ. போல ஓடும், ஆனால் நேராக ஓடாது. அது இலேசானது, அணுக்கருவை நெருங்கும் போதெல்லாம் திசை மாறிவிடும். காமாக் கதிருக்கு மின்னூட்டம் இல்லாததால் தடம் கிடையாது. அது எங்கோ ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட, அந்த எலக்ட்ரான் நடுவெளியில் திடீரெனத் தொடங்கும்.

நேரான மெல்லிய கோடு? அங்கேதான் மியூவான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது மியூவானாக இருக்கலாம். சில பத்து மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானாகவும் இருக்கலாம். இரண்டும் ஒளியின் வேகத்தை ஒட்டியே போகின்றன, இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம், இரண்டும் அதே 65 அயனி ஜோடிகளைத்தான் விடும். நிறை 207 மடங்கு வேறுபட்டாலும் தடத்தில் அது தெரியாது. கடல்மட்டத்துக்கு வரும் மின்னூட்டத் துகள்களில் மியூவான்களே பெரும்பான்மை என்ற வெளித்தகவலை வைத்து "மியூவானாக இருக்க வாய்ப்பு அதிகம்" என்று சொல்லலாம். அதற்கு மேல் தடம் உதவாது.

நீளம் ஏமாற்றும்

கடல்மட்டத்தில் கிடைமட்டப் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான் என்பது நல்ல மனக்கணக்கு. நம் தட்டின் பரப்பு 600 ச.செ.மீ. அப்படியானால் நிமிடத்துக்கு 600, அதாவது நொடிக்கு 10. ஆனால் கண்ணுக்கு அத்தனை நீளக் கோடுகள் தெரிவதில்லையே என்று குழம்புகிறவர்கள் உண்டு. மியூவான்கள் பெரும்பாலும் மேலிருந்து செங்குத்தாக வருகின்றன. தடம் விழும் அடுக்கோ 1 செ.மீ. தடிமன்தான். செங்குத்தாக வருவது ஒரு செ.மீ. கீறலாக, மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வெறும் புள்ளிக்கூட்டமாகத் தெரிந்து மறைகிறது.

5 செ.மீ. நீளக் கோடு விழ வேண்டுமானால் மியூவான் செங்குத்திலிருந்து 78 டிகிரிக்கு மேல் சாய்ந்து வர வேண்டும். மியூவான்களின் செறிவு சாய்கோணத்தின் கொசைன் வர்க்கமாகக் குறைகிறது. அவ்வளவு சாய்ந்தவை மட்டும் என்று தொகையிட்டால் கிடைமட்டப் பரப்பைக் கடப்பவற்றில் 0.2இன் நான்காம் அடுக்கு, அதாவது ஆயிரத்தில் 1.6 பங்கு. 600இல் ஒன்று. நிமிடத்துக்கு ஒரு நீளக் கோடு. உங்கள் அறையில் நிமிடத்துக்கு 20 நீளக் கோடுகள் வந்தால் அவற்றில் பெரும்பாலானவை சுற்றுப்புறக் கதிரியக்கத்தின் எலக்ட்ரான்கள் என்று சந்தேகப்பட வேண்டும். கோட்டின் முனைகளைக் கவனித்தால் மெல்லிய நெளிவு காட்டிக்கொடுத்துவிடும்.

மியூவான் சிதைவு என்று காட்டப்படும் முறிவுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. அது சுமார் 15 கி.மீ. உயரத்தில் பிறக்கிறது. ஒளியின் வேகத்தில் வந்தாலும் ஓர் ஆயுளில் 660 மீட்டர்தான் கடக்கும். 15 கி.மீ. என்பது 23 ஆயுள்கள். சார்பியல் இல்லாவிட்டால் ஆயிரம் கோடிக்கு ஒன்றிரண்டுதான் தரையைத் தொடும். 6 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் மியூவானுக்குக் கால நீட்சி (வேகமாகப் போகும் துகளின் காலம் நமக்கு மெதுவாக ஓடுவது) 57 மடங்கு, ஓர் ஆயுளில் 37 கி.மீ. அதனால்தான் வந்து சேர்கிறது. இப்படிச் சராசரியாக 4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டோடு வருவது, சதுர செ.மீ.க்கு ஒரு மில்லிகிராம் சொச்சம் காற்றே இருக்கும் நம் அடுக்கில் நின்று, அங்கேயே சிதைவது மிக மிக அபூர்வம். படத்தில் தெரியும் முறிவு பெரும்பாலும் மெதுவான எலக்ட்ரான் ஓர் அணுக்கருவிடம் திரும்பியது, அல்லது வேகத் துகள் தட்டிவிட்ட எலக்ட்ரான் கிளை.

காந்தம் வைத்தால் என்ன

வைக்கலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டு வையுங்கள். வளைவின் ஆரம் மீட்டரில் வேண்டுமானால், ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அலகில் உள்ள உந்தத்தை 0.3ஆலும் டெஸ்லாவில் உள்ள காந்தப்புலத்தாலும் வகுக்க வேண்டும். 4 ஜிகா மியூவான், 0.1 டெஸ்லா: ஆரம் 133 மீட்டர். 20 செ.மீ. தடத்தில் நடுப்பகுதி நேர்கோட்டிலிருந்து 0.04 மி.மீ. விலகும். தடத்தின் அகலமே அதைவிடப் பெரிது. ஆக, மேசைக் காந்தத்தால் மியூவான் வளைவதைப் பார்த்தேன் என்றால் பார்த்தது மியூவான் அல்ல.

அந்த 0.1 டெஸ்லாவும் எளிதல்ல. 20 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் வட்டு மேற்பரப்பில் 0.4 டெஸ்லா காட்டும். 2 செ.மீ. மேலே 0.03, 3 செ.மீ. மேலே 0.013. தட்டின் தடிமன் போக அடுக்குக்குள் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்.

எலக்ட்ரான் வளையும், ஆனால் காற்றும் அதை வளைக்கும். 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் 0.01 டெஸ்லாவில் 10 செ.மீ. ஓடினால் காந்தத்தால் 12 டிகிரி திரும்பும். அதே 10 செ.மீ.யில் காற்றின் அணுக்கருக்களால் மட்டும் சராசரியாக 7 டிகிரி இங்கோ அங்கோ திரும்பும். ஒற்றைத் தடத்தை வைத்து இது காந்தத்தின் வேலை என்று சொல்ல முடியாது. நூறு தடங்களை எடுத்து, பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று எண்ணினால் சொல்லலாம்.

இன்னொரு சிக்கல் திசை. தடத்துக்குத் தொடக்கமும் முடிவும் எழுதியிருப்பதில்லை. கீழிருந்து மேலே போன எலக்ட்ரானும் மேலிருந்து கீழே வந்த பாசிட்ரானும் ஒரே வளைவைத்தான் விடும். 1932 ஆகஸ்டில் கார்ல் ஆண்டர்சன் இதை அவிழ்த்த விதம் இன்றும் பாடம். 1.5 டெஸ்லா புலத்துக்குள் அறையின் நடுவே 6 மி.மீ. ஈயத்தகடு. ஒரு பக்கம் வளைவு 63 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு உரியது, மறுபக்கம் 23க்கு உரியது. துகள் ஈயத்தைக் கடந்து ஆற்றலைக் கூட்டிக்கொள்ளாது, எனவே 23 இருக்கும் பக்கமே பின்னது. திசை தெரிந்துவிட்டது, திசையோடு மின்னூட்டத்தின் குறியும் தெரிந்தது: நேர்மின்னூட்டம். புரோட்டானாக இருக்கக் கூடாதா? அதே வளைவுள்ள புரோட்டானுக்கு ஆற்றல் 0.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுதான் இருக்கும், காற்றில் அரை செ.மீ.யில் நின்றுவிடும். படத்திலோ தடம் 5 செ.மீ.க்கு மேல் ஓடியது. புலம், ஈயம், நீளம், தடிமன் என்று நாலு சாட்சிகள் ஒத்துப்போன பிறகுதான் பாசிட்ரான் என்ற முடிவு.

ஆல்ஃபாவில்தான் விஷயம் இருக்கிறது

எல்லோரும் மியூவானையே துரத்துகிறார்கள். என் பார்வையில் இந்தப் பெட்டியில் குவாண்டம் இயற்பியலை நேரே காட்டுவது ஆல்ஃபா. அதற்கு மூலப்பொருளும் இலவசம், காற்றிலேயே ரேடான் என்ற கதிரியக்க வாயு இருக்கிறது. ரப்பர் பலூனை ஊதிக் கம்பளியால் நன்றாகத் தேய்த்து, கதவு ஜன்னல் சாத்திய தரைத்தள அறையில் முக்கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். ரேடான் சிதைந்து பிறக்கும் உலோக அணுக்கள் பெரும்பாலும் நேர்மின்னூட்டத்தோடு பிறக்கின்றன. பலூனின் எதிர்மின்னூட்டம் அவற்றை இழுத்துப் பிடிக்கும். காற்றை மெதுவாக இறக்கி, ரப்பரின் ஒரு துண்டை உடனே முகிலறையில் வைத்தால் கொழுத்த தடங்கள் பீறிடும். ஈரப்பதம் மிகுந்த நாளில் பலூன் மின்னூட்டத்தை இழந்துவிடும், ஒன்றும் சேராது. ரப்பரில் சேர்ந்த ஈயம்-214 (அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், 27 நிமிடம்), பிஸ்மத்-214 (20 நிமிடம்) இரண்டும் அடுத்தடுத்துச் சிதைந்த பிறகே 7.7 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா வரும். ஆகவே முதல் ஒரு மணி நேரத்துக்குள் எண்ணி முடித்துவிடுங்கள்.

ஆல்ஃபா வெளியேறுவதே செவ்வியல் இயற்பியலில் நடக்காத காரியம். கனமான அணுக்கருவைச் சுற்றியுள்ள மின்தடுப்பின் உயரம் 25 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். ஆல்ஃபாவிடம் இருப்பதோ 4 முதல் 9. 1928இல் கேமோவும், தனியே கர்னி, காண்டன் இருவரும் சொன்ன விடை: அலைச்சார்பு (துகள் எங்கே இருக்கக்கூடும் என்பதைச் சொல்லும் அலை) தடுப்புக்குள் அடுக்குக்குறியாகத் தேய்ந்தாலும் பூச்சியம் ஆகாது, மறுபுறம் கொஞ்சம் மிஞ்சும். அடுக்குக்குறி என்பதால் விளைவு மூர்க்கமானது. தோரியம்-232இன் ஆல்ஃபா 4 மெகா, அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. பொலோனியம்-212இன் ஆல்ஃபா 8.8 மெகா, அரை ஆயுள் 0.3 மைக்ரோ நொடி. ஆற்றல் இரண்டு மடங்கு சொச்சம், ஆயுள் ஒன்றுக்குப் பின் 24 சுழி மடங்கு.

வெளியே வந்த அலை எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் கோள அலை. பிறகு ஏன் நேர்க்கோட்டுத் தடம்? 1929இல் நெவில் மாட் இதைத் தெளிவாகக் கணக்கிட்டார். ஆல்ஃபாவை மட்டும் தனியே பார்க்காமல், ஆல்ஃபாவும் இரண்டு அணுக்களும் சேர்ந்த அலைச்சார்பை எடுத்தார். இரண்டு அணுக்களும் பாதிக்கப்படும் நிகழ்தகவு, அவ்விரண்டும் மூலத்தோடு ஒரே கோட்டில் இருந்தால் மட்டுமே கணிசமாக வருகிறது. காரணம் அளவுகளில் இருக்கிறது: ஆல்ஃபாவின் அலைநீளம் 6 ஃபெம்டோமீட்டர், அணுவின் அகலம் அதைப் போலப் பதினாயிரம் மடங்குக்கு மேல். ஓர் அணுவைத் தாண்டிய அலை விரியும் கோணம் ஒரு லட்சத்தில் சில பங்கு ரேடியன்தான். முதல் அணு எது என்பது தற்செயல். அடுத்தவை தற்செயல் அல்ல.

ஆல்ஃபாவின் நீளத்தை அளந்து ஆற்றலைச் சொல்ல நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புத்தக அட்டவணைகள் 15 அல்லது 20 டிகிரி காற்றுக்கானவை. மைனஸ் 30 டிகிரியில் காற்று 20 சதவீதம் அடர்த்தி கூடியது, தடம் ஆறில் ஒரு பங்கு குட்டையாகும். அதோடு முழுத் தடமும் 1 செ.மீ. அடுக்குக்குள் படுத்திருந்தால்தான் நீளம் நீளமாகும். ஆகவே சராசரியை விட்டுவிட்டு, இருப்பதிலேயே நீளமான சில தடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முயன்று பாருங்கள். தோரியம் கலந்த பழைய கேஸ் விளக்கு மேன்டிலை (சுடரில் ஒளிரும் வலைப்பை) உடைக்காமல், தூசி பறக்காமல் மூடிய புட்டியில் 5 நிமிடம் வைத்தால் ரேடான்-220 வாயு சேரும். அரை ஆயுள் 56 நொடி என்பதால் அதற்கு மேல் காத்திருந்தும் பயனில்லை. ஊசிக்குழலால் அந்தக் காற்றில் 10 மி.லி. உறிஞ்சி முகிலறைக்குள் மெதுவாகச் செலுத்துங்கள். ஒரே புள்ளியிலிருந்து இரண்டு கொழுத்த கைகள் விரியும் கவைத் தடங்கள் வரும். முதல் கை ரேடான்-220, இரண்டாவது அதன் வாரிசு பொலோனியம்-216, அரை ஆயுள் 0.145 நொடி. அதற்குள் அணு நகர்வது சொற்பம், அதனால் ஒரே புள்ளி. இரண்டு கைகளுக்கும் இடையிலான கோணத்தில் எந்த ஒழுங்கும் இருக்காது. நொடிக்கு 60 பிரேம் எடுக்கும் கைப்பேசியில் பதிந்து, முதல் கை தோன்றியதற்கும் இரண்டாவது தோன்றியதற்கும் நடுவே உள்ள பிரேம்களை எண்ணுங்கள். நூறு கவைகளை எண்ணினால் ஏறக்குறைய பாதி 9 பிரேமுக்குள் விழ வேண்டும். முதல் தடம் கரைந்து போன பிறகு வரும் இரண்டாவது கையைத் தனித் தடமாக எண்ணிவிடுவது எளிது, அப்படி விட்டால் அரை ஆயுள் உண்மையைவிடக் குறைவாகக் கிடைக்கும். எனவே ஒரு நொடி, அதாவது 60 பிரேம் வரை அந்தப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.